பழைய காரின் ஒயரிங்கும் உதிரிபாகங்களும்: வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

ஒரு பழைய காரைப் புதுப்பிக்க எனக்கு இரண்டரை வருடம் ஆனது. அதில் ஏறக்குறைய எட்டு மாதம் மின்சாரக் கோளாறுகளுக்கே போயிற்று. செல்ஃப் மெதுவாகச் சுற்றும். ஹெட்லைட் மஞ்சளாக எரியும். பெட்ரோல் முள் நினைத்த இடத்தில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் பாகம் வாங்கி மாட்டினேன்: பேட்டரி, செல்ஃப் மோட்டார், ரெகுலேட்டர் (சார்ஜைக் கட்டுப்படுத்துவது), காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தருவது). எதுவும் சரியாகவில்லை. ஒருநாள் ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிளைப் பிடித்திருந்த கை சுட்டது. அந்தக் கேபிளில் கரண்ட் ஓட வேண்டிய அவசியமே இல்லை. போய்ப் பார்த்தால், இன்ஜினையும் சேசிஸையும் சேர்க்கும் எர்த் பட்டை புதிதாக அடித்த பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. செல்ஃப் இழுக்கிற கரண்ட் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பட்டையை மறுபடி முடுக்கினேன். அரை மணி நேர வேலை. வாங்கிய நான்கு பாகங்களில் மூன்று தேவையே இல்லாதவை.

முதல் முறையாகப் பழைய காரில் கை வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். பின்னால் வரும் படிகள் முன்னால் உள்ளவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

1. முதலில் தாள்கள், அப்புறம் ஸ்பேனர்

காரின் சேசிஸ் எண், இன்ஜின் எண், தயாரித்த வருடம் மூன்றையும் வண்டியிலிருந்தே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் இன்ஜின் மாறியிருப்பது சாதாரணம். அந்த மாற்றம் பதிவு ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஏறவில்லை என்றால் பெரிய செலவு செய்யும் முன்பே அதைச் சரிசெய்யுங்கள். வண்டி முழுசாகத் தயாரான பிறகு ஆவணச் சிக்கலில் மாதக்கணக்கில் நிற்பது மிகவும் வேதனையான விஷயம்.

அடுத்து மூன்று புத்தகங்கள் தேவை: ஒர்க்‌ஷாப் மேனுவல், பாக எண்களோடு படம் போட்ட பார்ட்ஸ் கேட்டலாக், உங்கள் வருடத்துக்கே உரிய ஒயரிங் படம். ஒரே மாடலில்கூட நடுவில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்திருக்கும், ஃப்யூஸ் எண்ணிக்கை கூடியிருக்கும். இரண்டு வருடம் தள்ளிய படத்தை வைத்துக்கொண்டு ஒயரைத் தேடினால் இல்லாத ஒயரைத் தேடுவீர்கள். சரியான படம் கிடைத்ததும் பெரிதாக நகல் எடுத்து, சரிபார்த்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கலர் பென்சிலால் தீட்டிக்கொண்டே வாருங்கள்.

எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள். ஒரே இடத்தை மூன்று கோணத்தில், ஒயர் நிறம் தெரியும் வெளிச்சத்தில் எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு ஒயர் முனையிலும் சீட்டு ஒட்டி, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் நடுவில் ஒரு வருடம்கூட ஓடிவிடும்.

2. உங்கள் வண்டி எந்த எர்த்?

இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும், இதுதான் நெகட்டிவ் எர்த். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியும் எல்லா வண்டியிலும் 12 வோல்ட் என்று நினைக்காதீர்கள், 6 வோல்ட் வண்டிகளும் உண்டு. இதைப் பார்க்காமல் பழக்கத்தில் பேட்டரியை மாட்டினால் ரேடியோவோ ஆல்டர்னேட்டரின் டயோடுகளோ அந்த நொடியிலேயே போய்விடும். முன்பு வைத்திருந்தவர் எர்த்தை மாற்றியும் இருக்கலாம். அதனால் புத்தகத்தை மட்டும் நம்பாமல், பாடிக்குப் போகும் கனமான கேபிள் எந்த முனையில் இருந்தது, காயில் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது இரண்டையும் பாருங்கள்.

காயிலில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால், நெகட்டிவ் எர்த் வண்டியில் மைனஸ் முனை, ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பாசிட்டிவ் எர்த்தில் பிளஸ் முனை போக வேண்டும். தலைகீழாக மாட்டினாலும் இன்ஜின் ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும். இன்ஜின் ஓடுவதாலேயே இந்தத் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை.

எர்த்தை மாற்ற முடிவு செய்தால் லூகாஸ் வகை டைனமோவின் காந்தத் திசையையும் மாற்ற வேண்டும். பேட்டரியைப் புதிய திசையில் மாட்டி, டைனமோவின் எஃப் முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரால் அந்த எஃப் முனையைச் சில நொடி தொட்டு எடுத்தால் போதும். லேசாகப் பொறி வரும், அது இயல்பு. ரெகுலேட்டர் பக்கத்து ஒயர் கழன்றிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அம்மீட்டர் இருந்தால் அதன் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும்.

3. கருவிகள்

ஒரு நல்ல மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், கிரிம்ப் செய்யும் பிளையர், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச். இவ்வளவுதான். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கிரிம்ப் பிளையர். மலிவான பிளையரால் நசுக்கிய முனை ஆறு மாதத்தில் லூஸ் ஆகும், அந்த லூஸ் கான்டாக்டைத் தேட இரண்டு நாள் போகும்.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். பழைய ஒயரின் உறை காய்ந்து வெடித்திருக்கும், மேலே பெட்ரோல் ஓடும் ரப்பர் குழாயும் அதே வயதுதான்.

4. வோல்ட் எங்கே தொலைகிறது என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். என் எட்டு மாதத்தை இது மிச்சப்படுத்தியிருக்கும்.

முதலில் பேட்டரி. சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி அளக்காமல் மேலே போக வேண்டாம். பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு செய்கிற மற்ற எல்லாச் சோதனையும் பொய் சொல்லும்.

அடுத்தது எர்த். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையில் (கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) வையுங்கள். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வையுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரைக் (கனமான ஸ்பார்க் ஒயரை அல்ல) கழற்றிவிட்டால் இன்ஜின் பற்றிக்கொள்ளாது. இப்போது யாரையாவது செல்ஃப் சுற்றச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 0.5 காட்டினால் வழியில் எங்கோ துருவோ பெயின்ட்டோ லூஸோ இருக்கிறது. நான் பிற்பாடு எர்த் பட்டையை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு அளந்து பார்த்தேன், 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட்டில் கால் பங்கு அங்கேயே தொலைந்திருக்கிறது.

ஓம் அளவில் வைத்துப் பார்த்துவிட்டு "எர்த் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்வதுதான் இங்கே எல்லோரும் விழுகிற குழி. நூறு இழைகளில் ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சிய கேபிளும் மீட்டரில் பூஜ்ஜிய ஓம் காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது துளி கரண்ட். சுமை ஏறும்போதுதான் அந்தக் கேபிளின் நிஜ நிலை தெரியும். அதனால் எப்போதும் விளக்கை எரியவிட்டு, மோட்டாரைச் சுற்றவிட்டு அளந்து பாருங்கள்.

ஹெட்லைட்டுக்கும் இதே முறைதான். எரியவிட்டு பல்பின் முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேட்டரியில் 12.4 இருந்து பல்பில் 10.5 இருந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். புது பல்பு வாங்கி ஒரு பயனும் இல்லை. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் வரும். விளக்குக்கு 60 வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். ஐம்பது வருடம் அதைச் சுமந்த சுவிட்ச் உள்ளே கருகித்தான் இருக்கும். இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வைத்து, சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படி மாற்றிவிட்டால் பழைய சுவிட்ச்சும் பிழைக்கும், வெளிச்சமும் திரும்பும். ரிலேயில் 30 பேட்டரியிலிருந்து வரும் லைன் (நடுவில் ஃப்யூஸ் கட்டாயம்), 87 விளக்குக்கு, 85, 86 சுருளின் இரண்டு முனைகள்.

எர்த் முனைகளைச் சரிசெய்வது எளிது: பளபளக்கும் உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஜெல்லியை முதலில் தடவிவிட்டு முடுக்காதீர்கள். பாடிக்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் எர்த் இடங்கள் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள், பெட்ரோல் டாங்க், பின் விளக்குக் கூடு உட்பட.

5. மீட்டர் முட்கள் பொய் சொன்னால்

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் கூடவோ குறையவோ காட்டினால் குற்றம் இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரில் இருக்கிறது, அல்லது அதன் எர்த்தில். 1960களின் பல பிரிட்டிஷ் கார்களில் அது சராசரி 10 வோல்ட் தரும்படி விட்டு விட்டு இயங்கும். மல்டிமீட்டரில் அளவு குதிப்பதைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முள் மட்டும் தவறினால் அதன் சென்டரைப் (டாங்க்கிலோ இன்ஜினிலோ இருந்து முள்ளுக்கு அளவை அனுப்பும் பாகம்) பாருங்கள். அந்த வகை மீட்டரில் டாங்க் சென்டரின் ஒயரைக் கழற்றி ஒரு கணம் பாடியில் தொட்டால் முள் முழுசாக ஏறத் தொடங்க வேண்டும். ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்லவை, சென்டரோ டாங்க்கின் எர்த்தோதான் கெட்டிருக்கிறது. பெட்ரோல் டாங்க் பக்கத்தில் பொறி கூடாது என்பதால் டாங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும், கசிவோ வாசனையோ இருந்தால் இந்தச் சோதனையை அன்று செய்யவே வேண்டாம்.

6. ஒயரிங்: ஒட்டுப்போடுவதா, முழுசாக மாற்றுவதா?

என் அளவுகோல் இது. மூன்று இடத்தில் ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். உறை உடைந்து உதிர்ந்தால், அல்லது உள்ளே செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் முழு ஹார்னஸையும் (வண்டியின் மொத்த ஒயர் கட்டு) மாற்றுங்கள். உறை வளைந்து கொடுத்தால் கெட்ட முனைகளை மட்டும் மாற்றினால் போதும்.

பிரிட்டிஷ் வண்டிகளில் நிறத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு, அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு என்றால் எப்போதும் உயிரோடு இருக்கும் பேட்டரி லைன், ஃப்யூஸ் கிடையாது. வெள்ளை, சாவி திருகினால் வரும் லைன். பச்சை, சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது. ஊதா, எப்போதும் உயிரோடு ஆனால் ஃப்யூஸோடு. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். ஜெர்மன் வண்டிகளில் நிறத்தைவிட முனை எண்தான் வழிகாட்டி: 30 பேட்டரி, 15 சாவி, 31 எர்த், 50 செல்ஃப்.

பழுப்பு ஒயரைக் கவனமாகப் பாருங்கள். ஃப்யூஸ் இல்லாததால் அது எங்காவது பாடியில் உரசினால் ஒயரே தீப்பிடிக்கும். பயர்வாலைக் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) கடக்கும் துளைகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

எல்லோரும் விழுகிற இன்னொரு குழி ஃப்யூஸ். பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய ஃப்யூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணைப் பார்த்து அதே 35ஐ வாங்கி மாட்டினால் ஃப்யூஸ் உருகுவதற்கு முன் ஒயர் உருகும்.

புதிய ஒயர் இழுக்கும்போது தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.30 மி.மீ. இழை 14 கொண்ட ஒயர் (1 சதுர மி.மீ.) 8 ஆம்பியர் வரைக்கும், 28 இழை (2 சதுர மி.மீ.) 17 ஆம்பியர் வரைக்கும், 44 இழை (3 சதுர மி.மீ.) 25 ஆம்பியர் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றைக் கம்பி ஒயரை வண்டியில் போடவே கூடாது, அதிர்வில் முறிந்துவிடும்.

7. சார்ஜிங், இக்னிஷன்: இயல்பை நோய் என்று நினைக்காதீர்கள்

டைனமோ உள்ள வண்டி ஐடிலில் சார்ஜ் செய்யாது. சிவப்பு விளக்கு லேசாக மினுக்கும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அணைய வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் ரெகுலேட்டரை மாற்றியவன் நான். ஆல்டர்னேட்டர் இருந்தால் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை பாருங்கள்.

காயிலில் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். சாதாரண 12 வோல்ட் காயிலின் முதல் சுருள் சுமார் 3 ஓம். பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) வேலை செய்யும் காயில் சுமார் 1.5 ஓம். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் காயில் கொதிக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டைத் துண்டிக்கும் பாயின்ட் கருகும். ரெசிஸ்டர் ஒயர் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலைப் போட்டால் ஸ்பார்க் மெலியும்.

வண்டி சூடானதும் நின்று, ஆறியதும் பற்றிக்கொள்கிறதா? கார்புரேட்டரைப் பிரிக்கும் முன்பு பாயின்ட்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். நன்றாக ஓடுகிற பழைய கண்டென்சரையும் ரோட்டரையும் "எல்லாம் புதுசாக இருக்கட்டும்" என்று தூக்கிப் போடாதீர்கள். எனக்கு வந்த முதல் இரண்டு புதுக் கண்டென்சர்களும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பழையதைத் தேடி எடுத்து மாட்டினேன், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

8. உதிரிபாகம் தேடும்போது

கழற்றிய எதையும் புதியது மாட்டி ஓடிப் பார்க்கும் வரைக்கும் வீசாதீர்கள். துருப்பிடித்த பழைய பாகம்தான் அளவுக்கும் துளையின் இடத்துக்கும் மரைக்கும் உங்கள் ஒரே சாட்சி.

பெயரைச் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். கேட்டலாக்கில் உள்ள பாக எண்ணைச் சொல்லுங்கள், அந்த எண் பின்னால் வேறு எண்ணாக மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு கடையில் பெயரை நம்பி ஒரு செல்ஃப் மோட்டார் வாங்கினேன், பல்சக்கரத்தில் ஒரு பல் வித்தியாசம். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள், பெட்டியைப் பிரித்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட விதி: பாகம் வந்த அன்றே பிரித்து, பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டுவது ஆறு மாதம் கழித்தாக இருந்தாலும் சரி.

பேரிங்கும் ஆயில் சீலும் வாங்கக் கார் பாகக் கடைக்கே போக வேண்டியதில்லை. பேரிங்கின் பக்கவாட்டில் 6203, 6204 என்று எண் இருந்தால் அது உலகம் முழுவதும் ஒரே அளவு: 6203க்கு உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40, தடிமன் 12. 6204க்கு 20, 47, 14. எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், "பழைய கார் பாகம்" என்ற பெயரில் விற்கப்படுவதைவிடப் பெரும்பாலும் மலிவு. ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் அச்சிட்டிருக்கும்.

பெட்டி பிரிக்காத அந்தக் காலத்துப் புதுப் பாகம் கிடைத்தால் மகிழ்ச்சிதான், உலோகமாக இருந்தால். ரப்பராக இருந்தால் வேண்டாம். பிரேக் கப், ஹோஸ், சீல் எதுவானாலும் அலமாரியிலேயே அது கெட்டிப்பட்டிருக்கும். பிரேக் ரப்பரில் உயிரே இருக்கிறது, எப்போதும் புதிதாகத் தயாரித்ததையே வாங்குங்கள்.

டைனமோ, செல்ஃப், வைப்பர் மோட்டார் மூன்றையும் மாற்றும் முன் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதும் புஷ் ஆடுவதும்தான் பெரும்பாலான நேரம் பிரச்சினை. நல்ல ரீவைண்டிங் ஆள் கிடைத்தால் பழைய மோட்டார் புதியதைவிட நீண்ட நாள் உழைக்கும்.

மரை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒரே வண்டியில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., யூ.என்.எஃப். என்று மூன்று வகை மரை இருக்கலாம். கையால் இரண்டு சுற்று ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் துளை போய்விடும்.

9. செலவும் காலமும்

பணத்தை இந்த வரிசையில் போடுங்கள்: முதலில் பிரேக்கும் பெட்ரோல் குழாயும், அப்புறம் பேட்டரி கேபிள், எர்த், ஃப்யூஸ், அதன்பிறகு சார்ஜிங்கும் இக்னிஷனும், கடைசியில் குரோம், ரேடியோ, உள் அலங்காரம். தலைகீழாகச் செய்தவர்களின் வண்டிகள்தான் பாதியில் விற்பனைக்கு வருகின்றன.

உங்கள் கணக்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். தபால் செலவு, சுங்கவரி, தவறாக வந்த பாகம், போல்ட், வாஷர், கிளிப் எல்லாம் அதிலிருந்துதான் போகும். வெளியூரிலிருந்து தருவிப்பதானால் சின்னச் சின்னதாக ஆர்டர் செய்யாமல் பட்டியல் சேர்த்து ஒரே முறையில் செய்யுங்கள். எல்லா ரசீதையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். காப்பீட்டில் வண்டியின் மதிப்பை நிர்ணயிக்கவும், பின்னால் விற்கவும் அதுதான் ஆதாரம்.

காலத்தைப் பொறுத்தவரை என் அனுபவம் இது: எர்த் முனைகள் அனைத்தையும் சுத்தம் செய்ய ஒரு வார இறுதி, வோல்ட் இழப்புகளை அளந்து எழுத இன்னொன்று, முழு ஹார்னஸ் மாற்ற ஐந்தாறு வார இறுதிகள். ஹார்னஸை இன்டீரியரும் டாஷ்போர்டும் வெளியே இருக்கும்போதே போட்டுவிடுங்கள், பெயின்ட் வேலை முடிந்த பிறகு, கண்ணாடி மாட்டும் முன்.

10. முதல் முறை பேட்டரியை இணைக்கும் நாள்

நேரடியாக இணைக்காதீர்கள். எல்லா சுவிட்ச்களையும் அணைத்து, கதவு விளக்கு எரியாமல் கதவுகளை மூடுங்கள். பேட்டரி எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். பல்பு எரியவில்லை என்றால் நல்லது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, ஆனால் பல்பு கரண்டைத் தடுத்துக்கொண்டிருப்பதால் எதுவும் கருகாது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில் தேடுங்கள். எதைக் கழற்றியும் அணையாவிட்டால் ஃப்யூஸ் இல்லாத பழுப்பு ஒயர்களுக்குப் போங்கள்.

பல்பு எரியாமல் இருந்தால் அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, ஓய்வில் எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். அப்போது சாவியைத் திருகக் கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் போதும். கடிகாரம் மட்டும் உள்ள வண்டியில் அதுகூட வராது.

அப்புறம் கேபிளை மாட்டி, ஒரு நேரத்தில் ஒரு சுவிட்ச் என்று போட்டுப் பாருங்கள். வண்டி ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து எல்லா முனைகளையும் இன்னொரு முறை முடுக்குங்கள், செம்பும் ஈயமும் அழுந்திக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். நான்காம் படியின் அளவுகளை அன்றைக்கு மறுபடி எடுத்து, தேதியோடு ஒயரிங் படத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை விளக்கு மங்கும்போது முதலில் அந்த எண்களைத்தான் பார்ப்பீர்கள்.